பூட்டில்லாத பழைய விளையாட்டுகளைக் காசு கொடுத்தே வாங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார்கள். பிரவுசிங் சென்டர் காலத்தை நேரில் பார்த்தவர் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், இந்த விளையாட்டுகள் எல்லாம் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, தேடி இறக்கிக்கொள்ளலாம் என்கிற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். விஷயம் மட்டும் வாசகர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான் மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தொழில் கற்றது ரிச்சி ஸ்ட்ரீட்டில். இலவச விளையாட்டு என்று தேடினால் முதல் பக்கத்தில் வந்து நிற்கும் தளங்களை உங்கள் கட்டுரையாளர் பார்த்த பக்கத்திலிருந்து நான் பார்ப்பதில்லை. அங்கே இறக்கியவர்களின் மடிக்கணினிதான் என் மேசைக்கு வருகிறது.

வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விளையாட்டு ஒரு ஜிப் கோப்பாக வரும். அதற்கு ஒரு கடவுச்சொல் போட்டிருப்பார்கள். அது இறக்குபவர் பாதுகாப்புக்காக இல்லை, ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. கூடவே ஒரு குறிப்பு இருக்கும்: "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்." பையன்கள் அதன்படியே செய்வார்கள். விளையாட்டும் ஓடும், அதில் குறை இருக்காது. அப்புறம் நாலைந்து நாளில் சும்மா வைத்திருக்கும்போதே ஃபேன் சத்தம் போட ஆரம்பிக்கும். என்ன ஓடுகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சத்தம் அடங்கிவிடும். மூடினால் மறுபடி கிளம்பும். உள்ளே உட்கார்ந்து யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருக்கும் நிரல் அது. டாஸ்க் மேனேஜர் திறந்தால் ஒளிந்துகொள்ள அதற்குத் தெரியும்.

அதுகூடப் பரவாயில்லை, விண்டோஸை மறுபடி போட்டால் போய்விடும். பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களை மொத்தமாக வாரிக்கொண்டு போகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். சைதாப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தார். தம்பி ஏதோ விளையாட்டு இறக்கியிருக்கிறான். அக்காவின் இன்ஸ்டாகிராம் கணக்கும் மின்னஞ்சலும் போய்விட்டன. கணக்கைப் பிடித்தவன் அந்தப் பெண் பெயரில் தோழிகளிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்தான். என்னால் மடிக்கணினியைச் சுத்தம் செய்து கொடுக்க முடிந்தது, கணக்கை மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தம்பிக்கு வேண்டியிருந்தது 1990களில் வந்த ஒரு விளையாட்டு. அதை முறையாக, இதே இணையத்தில், ஒரு பிரியாணி விலைக்கு வாங்கியிருக்கலாம்.

இப்படி வாங்க ஒரு இடம் இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியவில்லை. போலந்து நாட்டில் வார்சாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிஓஜி என்ற இணையக் கடை 2008-இல் தொடங்கியது. அப்போது அதன் பெயர் குட் ஓல்ட் கேம்ஸ். பழைய விளையாட்டுகளின் உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து, அனுமதி வாங்கி, இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து, காப்பிப் பூட்டு, அதாவது பிரதி எடுக்க விடாத தடை, எதுவும் இல்லாமல் விற்கிறார்கள். காசு கட்டியதும் இன்ஸ்டாலர் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். அதை ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் நிறுவலாம். சீரியல் கீ கேட்காது, இணையம் கேட்காது, சிடி கேட்காது. அவர்களுடைய செயலி ஒன்று இருக்கிறது. வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் விளையாட்டு ஓடும். பிடிக்கவில்லை அல்லது ஓடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், விளையாடிப் பார்த்த பிறகும்கூட. அந்தக் கடைக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரிசெய்து என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தொழில்காரனாக எனக்குத் தெரியும். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து விளையாட்டுகள் பலவற்றில் அன்றைய பிராசஸர் வேகத்தை நம்பித்தான் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். இன்றைய கணினியில் அப்படியே ஓட விட்டால் கண் சிமிட்டுவதற்குள் ஆள் செத்துவிடுவான். ஒலிக்காக அன்று கணினிக்குள் செருகிய சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எங்கே என்று தேடும், அது இருக்காது. இதற்காகத் தன்னார்வலர்கள் 2002-லிருந்து டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை வளர்த்து வருகிறார்கள். பழைய கணினியையே, அதன் சவுண்ட் கார்டு உட்பட, புதுக் கணினிக்குள் நடித்துக்காட்டும் மென்பொருள் அது. எந்த விளையாட்டுக்கு எவ்வளவு வேகம், எந்தச் சவுண்ட் கார்டு என்று ஒவ்வொன்றாக அமைத்துப் பார்க்க வேண்டும். கை பழகாதவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும். அந்த அமைப்பையெல்லாம் ஜிஓஜிக்காரர்கள் முன்கூட்டியே செய்து, டாஸ்பாக்ஸையும் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குபவர் ஐகானை இரண்டு முறை சொடுக்கினால் போதும். நான் காசு கொடுக்கலாம் என்று சொல்வது முக்கியமாக இந்த உழைப்புக்குத்தான்.

என் வாடிக்கையாளர் ஒருவர், தி.நகரில் ஆடிட்டர். பிளஸ் ஒன் படிக்கும் மகளோடு சேர்ந்து கமாண்டோஸ் விளையாட ஆசைப்பட்டார். 1998-இல் ஸ்பெயினின் பைரோ ஸ்டுடியோஸ் செய்தது. மேலிருந்து பார்ப்பது போல் ஒரு வரைபடம், ஜெர்மன் காவலாளி எங்கே பார்க்கிறான் என்று காட்டும் பச்சை நிற முக்கோணம், அந்த முக்கோணம் திரும்பும் நேரம் பார்த்து நம் ஆளைத் தவழவிட வேண்டும். கடையிலேயே உட்கார்ந்து வாங்கினோம். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருந்தது. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, சின்னதாக ஒரு வரம்பு வைத்து, காசு கட்டியதும் திரும்ப மூடச் சொன்னேன். வாசகர்களும் அப்படியே செய்யலாம். இறங்கிய கோப்பு ஒரு சினிமாப் படத்தைவிடச் சிறியது. "சார், இந்தக் கோப்பை ரெண்டு இடத்துல வச்சுக்குங்க" என்று சொல்லி அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சேறு படிந்த ஹார்ட் டிஸ்க்குகளையும் சிடிக்களையும் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எதை வாங்கினாலும் இரண்டாவது பிரதி எங்கே என்று கேட்பது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

அந்த இரண்டாவது பிரதி எடுக்க விடாமல் செய்வதுதான் காப்பிப் பூட்டின் வேலை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பூட்டு யாரைத் தடுத்தது என்பதை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

முப்பதை ஒட்டிய ஒரு தம்பி பெட்டியோடு வந்தார். 2004-இல் வந்த ஒரு கார் பந்தய விளையாட்டு. அட்டைப்பெட்டி கசங்காமல், உள்ளே கையேடு, சிடி உறையில் ஒட்டிய சீரியல் எண் எல்லாம் அப்படியே இருந்தன. "அண்ணே, ஒரிஜினல் சிடி. அப்பா ஸ்பென்சர் பிளாசால வாங்கிக் குடுத்தது. புது லேப்டாப்ல போட்டுத் தரணும்" என்றார். யுஎஸ்பியில் செருகும் சிடி டிரைவில் போட்டேன். நிறுவும் வேலை நன்றாகவே முடிந்தது. ஓட்டினால் சிடி சுழலும், வேகம் குறையும், நின்றுவிடும். திரையில் ஒன்றும் வராது. சிடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தச் சிடியில் இருந்தது சேஃப்டிஸ்க் என்ற பூட்டு. அதன் தந்திரம் இதுதான்: சிடியின் சில பகுதிகளை வேண்டுமென்றே பழுதாக அச்சடிப்பார்கள். வீட்டு ரைட்டரில் காப்பி எடுத்தால் அந்தப் பழுது அப்படியே போய்ச் சேராது. விளையாட்டு தொடங்கும்போது பழுது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அசல், இல்லாவிட்டால் நகல். பார்த்துச் சொல்வதற்கு விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவர் நிரல் உட்கார்ந்திருக்கும். அந்த டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் மூலம் அதை நிறுத்திவைத்தது. செய்தது சரியான காரியம்தான். ஆனால் அன்றோடு அந்தப் பூட்டுப் போட்ட அசல் சிடிக்கள் எல்லாம் புதுக் கணினியில் திறக்காமல் போயின. பர்மா பஜாரில் நூறு ரூபாய்க்குள் விற்ற நகல் சிடியில் அந்தச் சோதனையையே நீக்கியிருப்பார்கள். அதனால் அதற்கு இந்தத் தடை கிடையாது. கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய தகப்பனாரின் சிடிதான் நின்றுபோனது.

"அப்போ காசு குடுத்து வாங்குனதுக்கு என்னண்ணே அர்த்தம்?" என்று அந்தத் தம்பி கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

இது ஒரு விளையாட்டோடு நின்ற கதை இல்லை. 2008-இல் ஸ்போர் என்ற விளையாட்டு வந்தபோது அதை மூன்று முறைக்கு மேல் கணினிகளில் பதிவு செய்ய முடியாது என்று வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் ஐந்தாக உயர்த்தினார்கள். மடிக்கணினியை ஃபார்மட் செய்வதே பிழைப்பாக வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் கேட்டால் தெரியும், நம் ஊர் வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் அந்த மூன்றும் எத்தனை சீக்கிரம் தீரும் என்று. இவ்வளவு கட்டுப்பாடு வைத்தும் அந்த ஆண்டு அதிகமாகத் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட விளையாட்டுகளில் அதுதான் முன்வரிசையில் நின்றது.

பிறகு சிடியே போய், எல்லாம் நிறுவனத்தின் சர்வரை நம்பி நிற்கும் காலம் வந்தது. 2014-இல் வெளியான தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வர்களை அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ஆம் தேதி மூடியது. தனியாக ஓட்டுபவருக்கும் சர்வர் வேண்டும் என்று செய்திருந்ததால் விளையாட்டு முழுவதுமாகச் செத்துப்போனது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தும் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். இதைப் பார்த்து ஐரோப்பாவில் தொடங்கிய கையெழுத்து இயக்கம் 2025-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. விற்பனையை நிறுத்தினாலும் ஓடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அவர்களின் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. நம் பத்திரிகைகளில் அது போதுமான அளவு வரவில்லை என்பது என் வருத்தம்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சம்பவம் இருக்கிறது. ஜிஓஜி கடையில் விற்ற வார்கிராஃப்ட் முதல் இரண்டு பாகங்களும் 2024 டிசம்பரில் உரிமையாளரின் முடிவால் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டன. விற்பனைதான் நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து இறக்கிக்கொள்ளலாம் என்று கடை அறிவித்தது. இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தவர்களுக்கு அந்த அறிவிப்பும் தேவைப்படவில்லை. சட்டப்படி பார்த்தால் இந்தக் கடையும் உரிமம்தான் விற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோப்பு என் அலமாரியில் இருக்கும்வரை எங்கோ ஒரு அலுவலகத்தில் எடுக்கும் முடிவால் என் வீட்டு விளையாட்டு நிற்காது. ஆடிட்டர் வீட்டுக் கமாண்டோஸ் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகும் ஓடும்.

பூட்டு இல்லாவிட்டால் எல்லாரும் காப்பி அடித்துக்கொள்வார்களே, விற்பவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்பார்கள். ஜிஓஜி கடையைத் தொடங்கிய சிடி புராஜெக்ட் நிறுவனத்தின் கதையே இதற்குப் பதில். மார்சின் இவின்ஸ்கி, மிகால் கிசின்ஸ்கி என்ற இரண்டு பள்ளித் தோழர்கள் 1994-இல் ஆரம்பித்தது. அன்றைய வார்சாவில் கணினிச் சந்தை என்றால் நம் பர்மா பஜார்தான், நகல் சிடிக்கள்தான் வியாபாரம். அந்த நாட்டில் மென்பொருளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பே அந்த ஆண்டுதான் சட்டமானது. அப்படிப்பட்ட ஊரில் 1999-இல் பால்டர்ஸ் கேட் விளையாட்டைப் போலிஷ் மொழியில், அந்த ஊர் நடிகர்கள் குரலில், வரைபடமும் இசைச் சிடியும் சேர்த்துப் பெட்டியாகப் போட்டு விற்றார்கள். சந்தையில் நகல் விற்பவனால் கொடுக்க முடியாததைக் கொடுத்தார்கள். சனம் வாங்கியது. பிறகு அவர்களே செய்த தி விட்சர் 3 2015-இல் அவர்கள் கடையில் முதல் நாளிலிருந்தே பூட்டில்லாமல் விற்பனைக்கு வந்தது. எல்லாக் கருவிகளையும் சேர்த்து 2023-க்குள் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. பூட்டில்லாத பிரதி முதல் நாளே இணையத்தில் கிடைக்கும் நிலையில் நடந்த விற்பனை இது.

வாங்குபவர் பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பூட்டில்லை என்பதற்காக இன்ஸ்டாலரை அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடக்கூடாது. என்னிடமே கேட்கிறார்கள், "ஒருத்தருக்கு வாங்குனதுதானே, எனக்கும் ஒரு காப்பி போடுங்க" என்று. போடுவதில்லை. ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, தீம் ஹாஸ்பிடல் மாதிரி விளையாட்டுகள் தள்ளுபடிக் காலத்தில் மலிவாகவே வருகின்றன. கொஞ்சம் பொறுத்தால் முறையாகவே வாங்கிவிடலாம். உண்மையிலேயே இலவசமாக வேண்டுமா? பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற 1994-ஆம் ஆண்டு விளையாட்டை அதை உருவாக்கியவர்களே 2003-இல் இலவசமாக்கிவிட்டார்கள். ஜிஓஜி கடையிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. அப்படி உரிமையாளரே கொடுத்தால்தான் இலவசம். பழசு என்பதால் மட்டும் எதுவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. நம் நாட்டில் படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

எல்லாம் கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்தத் தம்பியின் கார் விளையாட்டை என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. கார்ப் பெயர்களும் பாடல்களும் காலவரையறை போட்ட உரிமத்தில் இருப்பதால் பந்தய விளையாட்டுகள் கடையிலிருந்து சீக்கிரம் காணாமல் போகின்றன. ஃபோர்ஸா ஹொரைசன் 4 அப்படித்தான் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து போனது. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டிருக்கிறார்கள். ஜிஓஜியும் தவறே செய்யாத கடை இல்லை. 2021-இல் ஹிட்மேன் விளையாட்டை விற்றபோது அதில் பல பகுதிகளுக்கு இணைய இணைப்புத் தேவைப்பட்டது. வாங்கியவர்கள் பொங்கி எழுந்தார்கள், சில வாரங்களில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் விழிப்பாக இருந்ததால்தான் அது நடந்தது.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அழிவிலிருந்தும் சேதத்திலிருந்தும் பாதுகாக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் மீறல் இல்லை என்றால் குற்றமில்லைதான். ஆனால் ஸ்பென்சரில் வாங்கிய சிடியோடு வரும் தம்பிக்கு அந்த நுணுக்கத்தை விளக்கி, பூட்டைக் கழற்றிக் கொடுக்க எந்தக் கடைக்காரன் துணிவான்? நான் துணியவில்லை. காப்புப் பிரதி உரிமை காகிதத்தில் இருக்கிறது, பூட்டுப் போட்ட சிடியில் அதைப் பயன்படுத்த வழியில்லை. வாங்கியதை ஓடவைப்பதற்காக மட்டும் பூட்டை நீக்குவது குற்றமல்ல என்று அரசு தெளிவாக ஒரு விளக்கம் வெளியிட்டால் என் போன்ற சின்னக் கடைக்காரர்கள் தைரியமாக உதவுவோம்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் விளையாட்டோ படமோ விற்கும் கடை, நீங்கள் பெறுவது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய உரிமம்தான் என்று காசு கட்டும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்மிடம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இணையக் கடைகளின் ஏமாற்று உத்திகளைத் தடுக்க 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளும் இருக்கின்றன. பூட்டு உண்டா, சர்வர் வேண்டுமா, எத்தனை கணினியில் போடலாம் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதில் ஒரு விதியைச் சேர்க்கலாம். மருந்துப் பட்டையில் காலாவதி தேதி போடுவது மாதிரி.

சென்னைக்காரனாக இன்னொன்று. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் ஒரு பிரதி 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி போய்ச் சேர வேண்டும். பதிப்பகம் மூடினாலும் புத்தகம் அங்கே இருக்கும். கணினி விளையாட்டுக்கு அப்படி ஒரு இடம் நம் நாட்டில் இல்லை. இந்த நகரத்திலேயே எத்தனையோ இளைஞர்கள் விளையாட்டுகள் செய்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து அவர்கள் செய்ததை யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், சர்வரையோ பூட்டையோ நம்பாத ஒரு பிரதி எங்காவது பத்திரமாக இருந்தாக வேண்டும். அப்படி விற்க அவர்களுக்கும் வழி இருக்கிறது. 2013-லிருந்து இயங்கும் இட்ச் டாட் ஐஓ தளத்தில் தனி ஆளாகச் செய்பவரும் தன் விளையாட்டைப் பூட்டில்லாமல், தானே விலை வைத்து விற்கலாம். அண்ணா நூற்றாண்டு நூலகமோ கன்னிமாராவோ நம் ஊரில் செய்யப்படும் விளையாட்டுகளின் பிரதிகளைப் படைத்தவர்களின் சம்மதத்தோடு வாங்கிச் சேகரிக்க முன்வந்தால், மடிக்கணினிகளைப் பராமரிக்கும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்ய நான் தயார். உண்மையாகவே சொல்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். "இலவசமாகத் தேடி இறக்கிக்கொள்ளலாம்" என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதைப் படித்து அடுத்த வாரம் ஒரு பையன் ஆன்டிவைரஸை அணைக்காமல் இருந்தால் அது பெரிய காரியம். இனி உங்கள் பக்கத்தில் எந்த விளையாட்டைப் பரிந்துரைத்தாலும், விலை, எந்தக் கணினியில் ஓடும் என்பதோடு, இணையம் இல்லாமல் ஓடுமா, கோப்பை எடுத்து வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
எஸ்.கே.,
கணினி பழுதுபார்ப்பவர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33